கட்டைக் குரலுக்கு ஒரு விண்ணப்பம்

1

போன வருஷம் இதே மே மாதத்தில், என் மகள் படித்த பள்ளிக்கூடத்தின் விளையாட்டுக் கூடத்தில், முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் நான் தவறுதலாக "யெஸ்" என்று சொல்லிவிட்டேன். இப்போது நான் வாரத்தில் இரண்டு நாள் வீட்டைவிட்டுப் போய்ப் படித்துக்கொண்டிருப்பதற்கு அந்த ஒரு சொல்தான் காரணம்.

நாங்கள் இருப்பது நியூசிலாந்தின் தென்கோடி. மனிதர்களைவிட மாடுகள் ஜாஸ்தி. என் கணவர் ஏழுமலைக்குச் சொந்த ஊர் கச்சிராயபாளையம் பக்கம். முதலில் சவுதியில் ஒரு மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போய், அங்கிருந்து இந்தப் பண்ணைக்கு வந்தார். பின்னாலேயே நானும் எங்கள் மகள் நிவேதாவும் வந்து சேர்ந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து வயது. அவர் பால் கறக்கும் கொட்டகையில், நான் கன்றுகளுக்குப் பால் ஊட்டும் கொட்டகையில். இதுதான் எங்கள் வாழ்க்கை.

நிவேதா பள்ளியின் கடைசி வகுப்பில் இருந்தாள். பல்கலைக்கழகங்களிலிருந்து ஆட்கள் வந்து மேசை போட்டு உட்கார்ந்து பிள்ளைகளுக்கு விளக்கம் சொல்லும் சாயங்காலம் அது. அவள் நர்சிங் மேசைக்குப் போய்விட்டாள். கூடவே போனால் அவளுக்குப் பிடிக்காது. நான் சும்மா சுற்றிக்கொண்டிருந்தேன். ஒரு மேசையின் மேல் கீபோர்டு வைத்திருந்தது. கால் அங்கே நின்றுவிட்டது.

அங்கே இருந்த பெண்மணி சிரித்துக்கொண்டே என்னவோ கேட்டார். அதில் 'யூ' என்பதும் 'அப்ளை' என்பதும் காதில் விழுந்தன. உங்கள் பிள்ளை விண்ணப்பிக்கிறாளா என்றுதான் கேட்டிருக்கிறார். இங்கிலீஷில்தான் நீ, நீங்கள், நீங்கள் எல்லோரும், எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லாயிற்றே. எனக்கு அது 'பாட்டு பிடிக்குமா' என்கிற மாதிரிக் கேட்டது. "யெஸ், யெஸ்" என்றேன். பெயர் கேட்டார், என் பெயரைச் சொன்னேன். மின்னஞ்சல் கேட்டார், அதையும் சொன்னேன்.

இரண்டு நாள் கழித்து முதல் மின்னஞ்சல் வந்தது. 'அன்புள்ள கோவிந்தன்' என்று ஆரம்பித்திருந்தது. என் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. இசைப் பட்டப்படிப்புக்கான உங்கள் விண்ணப்பம் பாதியில் நிற்கிறது, முடித்து அனுப்புங்கள் என்று எழுதியிருந்தார்கள்.

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் ஆயுசு முழுக்கக் கரும்பு வெட்டிவிட்டுச் செத்துப்போன என் அப்பாவை, ஒரு பல்கலைக்கழகத்தின் இசைத்துறை படிக்க வரச் சொல்லிக் கூப்பிடுகிறது. கன்றுக் கொட்டகையில் நின்றுகொண்டு அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். சிரிப்பு வந்தது. சிரிப்பு அடங்கிய பிறகும் செல்போனை உள்ளே வைக்க மனம் வரவில்லை.

"அம்மா, அது ஸ்பாம் மாதிரிதான். அன்சப்ஸ்கிரைப் பண்ணிடு," என்றாள் நிவேதா.

பண்ணவில்லை.

2

நான் பாடினவள். என் மகளுக்கே அது தெரியாது.

ஊரில் இன்னிசைக் கச்சேரி கேட்டிருப்பீர்கள். மேடை போட்டு, கலர் லைட்டு கட்டி, சினிமாப் பாட்டு பாடுகிற குழு. கள்ளக்குறிச்சியில் ஓர் உரக்கடை மாடியில் அப்படி ஒரு குழு இருந்தது. கீபோர்டு வாசிப்பவர்தான் முதலாளி. நாங்கள் அவரை மாஸ்டர் என்போம். பிளஸ் டூ முடித்த வருஷம் எங்கள் பள்ளி ஆண்டு விழாவில் என்னைக் கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்து அப்பாவிடம் பேசிக் கூட்டிப்போனார். ஒத்திகை முழுக்க யூரியா நாற்றம். முதல் வாரம் தும்மித் தும்மியே பாடினேன்.

குழுவில் இன்னொரு பெண் விமலா. கருணாபுரத்துக்காரி. குரல் மேலே போகப் போக இனிக்கும். எனக்கு நேர் மாறாகக் கட்டைக் குரல். கீழே இறங்கினால்தான் எனக்குச் சுகம். அதனால் நல்ல பாட்டெல்லாம் விமலாவுக்குப் போகும். எனக்குச் சாமி பாட்டு, தாலாட்டு, அப்புறம் கோரஸ். விமலாவின் அம்மா எங்கள் இருவருக்கும் துணையாக எல்லா ஊருக்கும் வருவார். மேடைக்குப் பக்கத்தில் எங்கள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் யாராவது கத்தினால் அந்தத் திசையைப் பார்த்து முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார்.

ஒரு தடவை கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கம் ஒரு திருவிழா. கச்சிராயபாளையம் தாண்டி வேன் மலை ஏறுகிறது. ஒவ்வொரு வளைவிலும் ஸ்பீக்கர் பெட்டி சரிந்து எங்கள் முழங்காலில் வந்து மோதும். நாங்கள் அதைத் தள்ள, அடுத்த வளைவில் அது திரும்பி வரும். கீழே கோமுகி அணைத் தண்ணீர் ஒரு பக்கம் தெரிந்து மறைந்து, அப்புறம் வேறொரு பக்கம் தெரியும். மேலே போய் இறங்கியபோதுதான் தெரிந்தது, எங்கள் ஆண் பாடகர் உளுந்தூர்பேட்டையில் பஸ்ஸைத் தவறவிட்டிருக்கிறார். இனி எப்படியும் வந்து சேர முடியாது.

"இன்னா பண்றது?" என்று மாஸ்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "டூயட்டே இல்லாத கச்சேரியா? கல்லு வுடுவானுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "மலரு, ஆம்பள பாட்ட நீ பாடு."

"ஐயோ மாஸ்டர், நானா?"

"உன் கட்டைக் கொரலுக்கு ஒண்ணும் ஆவாது. பாடு."

முதல் வரியை நான் எடுத்ததும் கூட்டம் கலாய்த்தது. "யார்றா அது, ஆம்பளயா பொம்பளயா?" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். விமலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் வரியை அவள் பாடினாள். என் வரியை நான் பாடினேன். இரண்டாவது சரணம் வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது. முடிந்ததும் விசில். திரும்பப் பாடச் சொன்னார்கள். பாடினோம்.

மறுநாள் காலையில் அந்த ஊரார் வேகவைத்த மரவள்ளிக்கிழங்கை வாழை இலையில் கட்டி எங்களுக்குக் கொடுத்தார்கள். வேன் கீழே இறங்கும்போது பனியில் எதிரே வருவது ஒன்றும் தெரியவில்லை. டிரைவர் பேசாமல் வரச் சொன்னதால், கிழங்கைத் தின்றுகொண்டே நானும் விமலாவும் மெதுவாக அந்த டூயட்டை இன்னொரு தடவை பாடினோம். விமலாவின் அம்மாகூடச் சிரித்தார். அதற்குப் பிறகு மலையிலிருந்து கச்சேரிக்குக் கூப்பிட வந்தவர்களெல்லாம் "அந்த ரெண்டு பொண்ணு பாடுற டூயட்டு இருக்குதில்ல?" என்று கேட்டுவிட்டுத்தான் மாஸ்டரிடம் தேதி பேசினார்கள்.

இங்கே குளிர்காலத்தில் காலை வேளையில் பண்ணையின் மேல் பனி இறங்கி நிற்கும்போது, எனக்கு ஒரு கணம் கீழே இறங்கும் வேன் ஞாபகம் வரும். உடனே கன்று கத்தும். வாளியை எடுத்துக்கொண்டு போய்விடுவேன்.

3

ஏழுமலை வீட்டிலிருந்து பெண் பார்க்க வந்தபோது அவர் அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "மேடையில ஏறிப் பாடுற பொண்ணுன்னு நாலு பேரு பேசுவாங்க. கல்யாணத்துக்கு அப்பறம் பாட்டெல்லாம் வாணாம்." என் அப்பா உடனே சம்மதித்தார். ஏழுமலை தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். நானும் சரி என்றேன். அந்த வயதில் கல்யாணம்தான் பெரிதாகத் தெரிந்தது.

அவ்வளவுதான். பிறகு நான் பாடவே இல்லை. குழந்தையைத் தூங்கவைக்கக்கூட 'ஸ்ஸ்ஸ்' என்றுதான் தட்டினேன்.

இந்த நாட்டுக்கு வந்த பிறகு என்னைத் தடுக்க யாரும் இல்லை. பக்கத்து வீடு என்பது மூன்று வயல் தாண்டி. கன்றுகளிடம் பாடினால் யார் கேட்கப்போகிறார்கள்? ஆனாலும் பாடவில்லை. மின்னஞ்சல் வந்த பிறகுதான் இதை யோசித்தேன். வேண்டாம் என்று சொன்னவர் கடல் தாண்டி இருந்தார். அந்த 'வேண்டாம்' மட்டும் என்னோடு விமானம் ஏறி வந்து என் சொந்தச் சாமான் மாதிரி வீட்டில் தங்கிவிட்டது.

ஒரு நாள் சாப்பிடும்போது ஏழுமலையிடம் சொன்னேன். "இந்த காலேஜு லெட்டரு வந்துக்கினே இருக்குதுங்க. அப்ளை பண்ணிப் பாக்கட்டுமா?"

அவர் சாப்பிடுவதை நிறுத்தினார். "இன்னா திடீர்னு?"

"திடீர்னு இல்ல."

"வயசு இன்னா ஆவுது நமக்கு?"

"இங்க வயசு கேக்க மாட்டாங்களாம். இந்த நாட்டுல நிரந்தரமா தங்குறதுக்கு விசா இருந்து, இருவது வயசு தாண்டியிருந்தா, மார்க்கு இல்லன்னாலும் சேரலாமாம்."

தட்டை நகர்த்தி வைத்தார். "அதில்ல மலரு. அம்மாகிட்ட நாம வார்த்த குடுத்தோம். அவங்க உசுரோட இருக்க சொல்லோ எப்பிடி மீறுறது?"

இவர் கெட்டவர் இல்லை. என்மேல் ஒரு நாளும் கை நீட்டினதில்லை. ஆனால் அன்றைக்கு அந்த 'நாம' என்கிற சொல் எனக்குப் பொறுக்கவில்லை. வார்த்தை கொடுத்தது நான். பாடாமல் இருந்ததும் நான்.

"சரி, அத்தயவே கேட்டுடறேன்," என்றேன்.

4

ஞாயிற்றுக்கிழமைதோறும் அத்தை வீடியோவில் வருவார். அவர் முகம் பாதி தெரியும், மீதி உத்தரம் தெரியும். மழை, மாடு, முட்டிவலி எல்லாம் பேசி முடிந்ததும் நான் ஆரம்பித்தேன். ஏழுமலை எழுந்து போய் ஜன்னல் பக்கம் நின்றுகொண்டார்.

"அத்த, இங்க ஒரு காலேஜுல பாட்டுப் படிக்கலாம்னு இருக்கறேன்."

"யாரு, நிவேதாவா?"

"நான்."

"பாட்டா? படியேன். அதுக்கு இன்னா?"

எனக்குப் புரியவில்லை. "நீங்கதானே கல்யாணத்துக்கு அப்பறம் பாட்டு வாணாம்னு சொன்னீங்க?"

"நானா?" அத்தையின் முழு முகமும் இப்போது செல்போனுக்குள் வந்தது. "நான் எப்பம்மா அப்பிடி சொன்னேன்?"

"பொண்ணு பாக்க வந்தப்போ. எங்க வூட்டுல உக்காந்து."

"சொல்லியிருப்பேன். அப்ப உங்க மாமா கூட இருந்தாரு, சொந்தக்காரங்க இருந்தாங்க. ஏதாவது ஒண்ணு சொல்லணுமேன்னு சொல்லியிருப்பேன். அதையா இம்மாம் வருசமா நெனச்சிக்கினு இருக்கற? உன்ன ஆரு பாட வாணாம்னது?"

அவர் பொய் சொல்லவில்லை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. நிஜமாகவே மறந்துவிட்டார். பிறகு ரேஷன் கடையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். நான் 'உம்' கொட்டினேன்.

பேசி முடித்ததும் பின்வாசல் வழியாக வெளியே போனேன். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே? ஆனால் எனக்கு வந்தது அழுகை. அத்தை பிடிவாதமாக 'வாணாம்' என்று சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். என் இத்தனை வருஷத்துக்கு ஓர் எதிராளியாவது இருந்திருப்பார். இப்போது அதுவும் இல்லை.

ஏழுமலை வந்து பக்கத்தில் நின்றார். "எனக்கு மறக்கல மலரு," என்றார். "நீ பாடுவியான்னு நானாவது ஒரு வாட்டி கேட்டிருக்கலாம்." உள்ளே போகச் சொல்லி அவர் அவசரப்படுத்தவில்லை.

5

விண்ணப்பம் என்றால் சும்மா இல்லை. மேடை அனுபவத்துக்கு ஒலிப்பதிவு கேட்டார்கள். இல்லை என்றேன். அப்படியானால் கூடப் பாடியவர் யாராவது எழுதித் தரட்டும் என்றார்கள்.

மாஸ்டர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர் மகன் தியாகதுருகத்தில் செல்போன் கடை வைத்திருப்பதை இன்டர்நெட்டில் தேடிப் பிடித்தேன். அவர் விமலாவின் எண்ணைக் கொடுத்தார்.

"யாரு?" என்ற குரலைக் கேட்டதுமே அவள்தான் என்று தெரிந்துவிட்டது. பேசும்போதுகூட அவள் குரல் மேலேதான் இருக்கும்.

"விமலா, நான் மலரு."

"எந்த மலரு?" என்றவள் உடனே கூவினாள். "அடியே, ஆம்பள மலரா!"

ரெண்டு பேரும் சிரித்தோம். அவள் இப்போது ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவும் வேலைக்குப் போகிறாள். ஒரு மகன், படிக்கிறான். கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"அவுரு இல்லடி. அந்த வருசம் எங்க தெருவுல வெஷச் சாராயம் குடிச்சி போனாங்க இல்ல, அதுல போயிட்டாரு."

அந்தச் செய்தியை நான் இங்கே செல்போனில் பார்த்திருக்கிறேன். பெயர்ப் பட்டியலில் அவள் கணவர் பெயரைத் தேட எனக்குத் தோன்றவில்லை. அவர் பெயரே எனக்குத் தெரியாது.

"சரி வுடு," என்றாள் அவளே. "அழுது முடிச்சாச்சி. உனக்கு இன்னா வேணும், சொல்லு."

சொன்னேன். தனக்கு எழுத வராது, பேசி அனுப்புகிறேன் என்றாள். அன்றைக்கே வாட்ஸ்அப்பில் அவள் பேச்சு வந்தது. அதை இங்கிலீஷில் எழுத நிவேதாதான் உட்கார வேண்டியிருந்தது. சலித்துக்கொண்டுதான் உட்கார்ந்தாள். அவளுக்கு வீட்டுத் தமிழ் கொஞ்சம் வரும். விமலா பேசுகிற வேகத்துக்கு அது போதாது. நிறுத்தி நிறுத்திக் கேட்டாள்.

"அம்மா, 'கலாய்ச்சாங்க'ன்னா?"

"கேலி பண்ணாங்க."

"யாரை?"

"என்னைத்தான்."

"கல்லு விடுவாங்கன்னா, நிஜக் கல்லா?"

"நிஜக் கல்லுதான்."

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கேள்விகள் மாறின. வேனில் எத்தனை பேர், என்ன உடுத்தியிருந்தாய், பயமாக இல்லையா என்று விமலா சொல்லாததையெல்லாம் கேட்டாள். மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. நான் பேசிக்கொண்டே இருந்தேன். சமையலறையில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது.

"இதையெல்லாம் ஏன் எங்கிட்ட சொல்லவே இல்ல?" என்று கேட்டாள். கோபமாகத்தான் கேட்டாள். "உனக்கு பால் வாளி மட்டும்தான் தெரியும்னு நெனச்சிட்டு இருந்தேன்."

'கட்டைக் குரல்' என்பதை அவள் 'மரத்தால் ஆன குரல்' என்று எழுதி அனுப்பிவிட்டாள். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

6

குரல் தேர்வுக்குக் கூப்பிட்ட நாள் செப்டம்பரில் வந்தது. பண்ணையில் மாடுகள் கன்று போடும் காலம் அது. ஒரு நாள் விடுப்பு கேட்டாலே முதலாளி முகம் சுளிப்பார். ஏழுமலை என் வேலையையும் சேர்த்துப் பார்ப்பதாக அவரிடம் சொல்லிவிட்டு வந்தார். நிவேதா கார் ஓட்டினாள். மூன்று மணி நேரப் பயணம். வழியில் பாடிப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். வெட்கமாக இருந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டதோடு சரி.

அறையில் மூன்று பேர். பள்ளியில் என்னிடம் பெயர் வாங்கிய அதே பெண்மணி நடுவில் இருந்தார். என்ன வகைக் குரல் என்று கேட்டார்கள். அதற்குரிய சொல் எனக்குத் தெரியாது. "ஐ சிங் மேன்," என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சரி, பாடுங்கள் என்றார்கள்.

எனக்கு முழுசாகத் தெரிந்த பாட்டு அந்த டூயட்தான். அதில் என் பங்கைப் பாடினேன். முதல் வரி கரகரத்தது. இரண்டாவது வரியில் குரல் தன் இடத்தைக் கண்டுபிடித்துக்கொண்டது. என் பங்கு முடிந்ததும் நிறுத்தினேன். அடுத்தது விமலாவின் வரிகள். அவற்றை மனதுக்குள் ஓடவிட்டேன்.

"தேங்க் யூ," என்றார் ஓரத்தில் இருந்தவர்.

பொறுங்கள் என்று கை காட்டினேன். விமலா முடிக்கட்டும். அவள் கடைசிச் சொல்லில் ஒரு சுழிப்பு வைப்பாள். அதையும் கேட்டுவிட்டு, சரியான இடத்தில் நான் எடுத்தேன். மறுபடி நிறுத்தினேன். இந்தத் தடவை யாரும் நன்றி சொல்லவில்லை. மூன்று பேரும் அந்த மௌனத்தில் என்னோடு காத்திருந்தார்கள்.

முடிந்ததும் நடுவில் இருந்தவர் கேட்டார். "நடுவில் பாடுவது யார்?"

"மை ஃபிரண்ட் விமலா," என்றேன்.

அதற்குப் பிறகு நடந்தது அவ்வளவு நன்றாக இல்லை. இசைக்குறிப்பைக் காட்டிப் படிக்கச் சொன்னார்கள். கோட்டின் மேல் கறுப்புப் புள்ளிகள், எனக்கு ஒன்றும் தெரியவில்லை. பியானோவில் இரண்டு சுரங்களைச் சேர்த்து அழுத்தி, மேலே உள்ளதைப் பாடுங்கள் என்றார்கள். நான் கீழே உள்ளதையே பாடிக்கொண்டிருந்தேன். வெளியே வந்து நிவேதாவிடம், "ஆவாது," என்றேன். அவள் எனக்குச் சூடாக ஒரு சாக்லேட் பானம் வாங்கிக் கொடுத்தாள். திரும்பும் வழியில் மறுபடி பாடச் சொன்னாள். இந்த முறை பாடினேன். அவள் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, ஆனால் ரேடியோவை அணைத்துவிட்டாள்.

7

நவம்பரில் பதில் வந்தது. முழுப் படிப்புக்கு இப்போது இடம் இல்லை. முதல் வருஷம் இசை எழுதப் படிக்கும் பாடத்தையும் பலர் கூடிப் பாடும் சேர்ந்திசைப் பாடத்தையும் மட்டும் படிக்கலாம். இரண்டிலும் தேறினால் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொள்வோம். அத்தையிடம் சொன்னபோது, "பாஸா ஃபெயிலா, அத சொல்லு," என்றார். "ரெண்டும் இல்ல அத்த, பாதி," என்றேன்.

நிவேதாவும் அதே நகரத்தில்தான் நர்சிங் சேர்ந்தாள். மூன்று தோழிகளோடு ஒரு வீடு எடுத்திருக்கிறாள். "அம்மா, நான் தனியா இருக்கணும்னுதான் போறேன். வாரத்துக்கு ஒரு நைட்டு சோஃபால படுத்துக்கோ. ஆனா வர்றதுக்கு முன்னாடி மெசேஜ் பண்ணு," என்றாள். எனக்குச் சுருக்கென்றது. பெற்ற மகள் வீட்டுக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமா? ஏழுமலைதான், "அந்த வயசுல நமக்கு இன்னா வேணும்னு நாம வாய் தொறந்து கேட்டோமா? பொண்ணாவது கேட்டு வாங்கிக்கட்டும்," என்றார். மெசேஜ் பண்ணிவிட்டுத்தான் போகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஏழுமலை என்னைப் பஸ் ஏற்றிவிடுவார். இசை எழுதும் பாடத்தில் முதல் தேர்வில் தோற்றுவிட்டேன். இரண்டாவதில் தப்பித்தேன். என் வகுப்பில் எல்லோருக்கும் நிவேதா வயது.

சேர்ந்திசை வகுப்பின் முதல் நாள், நடத்துகிறவர் எங்களைக் குரல் வாரியாக நிற்கவைத்தார். என்னைப் பெண்கள் பக்கம் அனுப்பினார். இரண்டு வரி கேட்டுவிட்டுத் திரும்ப அழைத்து, ஆண்கள் வரிசையில் கொண்டுபோய் நிறுத்தினார். சிரிப்பு எழும் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். எழவில்லை. இரண்டு உயரமான ஆண்கள் நகர்ந்து எனக்கு இடம் விட்டார்கள்.

எனக்குத் தெரிந்த பாட்டில் ஒருவர் பாடும்போது மற்றவர் சும்மா இருப்போம். இங்கே அப்படி இல்லை. நாலு வரிசையும் ஒரே நேரத்தில் நாலு விதமாகப் பாடுகின்றன. முதல் முறை அந்தச் சத்தம் மொத்தமாக எழுந்தபோது நான் பயந்து வாயை மூடிவிட்டேன். என் வரி எங்கே போனதென்றே தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர் தாளிலிருந்து கண்ணை எடுக்காமல், என் பக்கம் கொஞ்சம் சாய்ந்து, சத்தத்தைக் கூட்டினார். அவர் குரலில் என் வரி கேட்டது. மூச்சை இழுத்து, அதில் ஏறிக்கொண்டேன்.